காசு கொடுத்து ஒரிஜினல் விண்டோஸ் வாங்குவதற்கு முன்னால்

பாளையங்கோட்டையிலோ வண்ணார்பேட்டையிலோ ஒரு சர்வீஸ் கடைக்குப் போய் "ஓஎஸ் போடணும்" என்று சொன்னால், ஒரிஜினலா மற்றதா என்று கேட்கிற கடைக்காரர் ரொம்பக் குறைவு. பார்மெட் அடித்து, காசு கட்டாமலே ஒரிஜினல் மாதிரி ஓடவைக்கும் கிராக் போட்டு, கூடவே ஆபீஸ், போட்டோஷாப் எல்லாம் ஏற்றிச் சாயங்காலமே கையில் கொடுத்துவிடுவார்கள். அந்த மெஷினிலேயே ஜிஎஸ்டி தாக்கலும் நெட் பேங்கிங்கும் பண்ண ஆரம்பித்த பிறகுதான் பலருக்குப் பயம் வருகிறது. சரி, மாறுவது நல்லதுதான். அந்த அவசரத்தில் காசும் பைலும் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முதல் தவறு, வீட்டிலேயே இருக்கிற பொருளை மறுபடி வாங்குவது. விண்டோஸ் 8 காலத்துக்குப் பிறகு விண்டோஸோடு விற்கப்பட்ட பிராண்டட் லேப்டாப் என்றால், அதன் கீ, அதாவது லைசென்ஸ் எண், பெரும்பாலும் மதர்போர்டு சிப்பிலேயே பதிந்திருக்கும். நடுவில் ஒருநாள் மெதுவாக ஓடுகிறது என்று கடையில் கொடுத்திருப்பீர்கள், அவர் ஹோம் எடிஷனை அழித்துவிட்டு கிராக் அடித்த ப்ரோ போட்டிருப்பார், அவ்வளவுதான் நடந்திருக்கும். மைக்ரோசாஃப்ட் தளத்திலேயே மீடியா கிரியேஷன் டூலை இறக்கி, 8 ஜிபி பென்டிரைவில் ஏற்றி, வாங்கியபோது இருந்த அதே எடிஷனைப் போட்டால், நெட் இணைந்ததும் பெரும்பாலும் தானாகவே ஆக்டிவேட் ஆகிவிடும், அதாவது ஒரிஜினல் என்று பதிவாகிவிடும். ஹோம் வந்த மெஷினில் ஆசைப்பட்டு ப்ரோ போட்டால் ஆகாது. வாங்கும்போதே விண்டோஸ் இல்லாமல் டாஸ் அல்லது லினக்ஸோடு வந்த மெஷினில் இப்படி எதுவும் இருக்காது. அரசு கொடுத்த இலவச லேப்டாப்பில் விண்டோஸோடு பாஸ் என்கிற இந்திய லினக்ஸும் இருந்தது, அதை யார் திறந்து பார்த்தோம், கடைக்குக் கொண்டுபோய் அழிக்கத்தானே செய்தோம்!

அடுத்தது, "ஆக்டிவேட்னு காட்டுதே அண்ணாச்சி, அப்போ ஒரிஜினல்தான்" என்கிற நம்பிக்கை. விண்டோஸ் பட்டனையும் ஆர் பட்டனையும் சேர்த்து அழுத்தி, எஸ்எல்எம்ஜிஆர் என்று ஆங்கிலத்தில் அடித்து, ஓர் இடைவெளி விட்டு, ஸ்லாஷ் போட்டு எக்ஸ்பிஆர் (slmgr /xpr) என்று கொடுங்கள். இன்ன தேதியில் காலாவதியாகும் என்று வந்தால், சொந்த மெஷினில் அது பெரும்பாலும் கேஎம்எஸ் கிராக்தான். கேஎம்எஸ் என்பது பெரிய நிறுவனங்களுக்காக மைக்ரோசாஃப்ட் வைத்திருக்கும் ஏற்பாடு, 180 நாளுக்குள் நிறுவனத்தின் சர்வரிடம் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். கிராக் அந்த சர்வர் மாதிரி நடிக்கிறது. நிரந்தரம் என்று வந்தாலும் முழுசாக நம்பிவிட முடியாது, அப்படிக் காட்டும் கிராக்கும் உண்டு. கையில் பில் இருக்கிறதா, மெஷினோடு வந்ததா, இதுதான் கேள்வி.

வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், 300 ரூபாய்க்கும் 500 ரூபாய்க்கும் ஆன்லைனில் வரும் கீயில் விழாதீர்கள். ஹோம் எடிஷனே நேராக வாங்கினால் 10,000 ரூபாய் பக்கம் வரும் பொருள், அது எப்படி ஒரு பிரியாணி பார்சல் விலைக்கு வரும்? பல நேரம் அது ஏதோ ஒரு கம்பெனிக்குக் கொடுத்த மொத்த லைசென்சிலிருந்து கசிந்த கீ. இன்றைக்கு ஓடும், மைக்ரோசாஃப்ட் முடக்கினால் விற்றவன் போனை எடுக்க மாட்டான். புது மெஷினோடு சேர்த்துக் கொடுக்கும் ஓஇஎம் லைசென்ஸ் விலை குறைவு, ஆனால் அது முதலில் போட்ட மெஷினோடேயே கட்டப்பட்டது. தனியாக விற்கும் ரீட்டெயில் லைசென்ஸ் என்றால் பழைய மெஷினில் எடுத்துவிட்டு வேறு மெஷினுக்கு மாற்றிக்கொள்ளலாம். கடை வைத்திருப்பவர்கள் ஜிஎஸ்டி பில்லோடு வாங்குங்கள்.

கீ வாங்கியதும் பழைய கிராக் விண்டோஸ் மேலேயே அதை அடித்துவிட்டு "மாத்தியாச்சு" என்று இருப்பவர்கள் நிறைய. ஆக்டிவேட் ஆகிவிடும், ஆனால் உள்ளே இருப்பது அதே பழைய சரக்கு. விண்டோஸின் வைரஸ் காவலான டிபெண்டரை அணைத்து, அப்டேட்டை நிறுத்தி வைத்த விண்டோஸ் அது, கிராக்கோடு வேறு என்ன வந்தது என்று போட்டுக்கொடுத்தவருக்கே தெரியாது. துடைத்துவிட்டுப் புதிதாகத்தான் போட வேண்டும்.

துடைக்கும்போதுதான் பெரிய நஷ்டம் வருகிறது. டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ், போட்டோ எல்லாம் ஞாபகமாக எடுத்துவிடுவார்கள். கல்யாணப் பத்திரிகையும் போஸ்டரும் அடிக்கும் டிடிபி சென்டர்காரர்கள் பான்டை (எழுத்துருவை) மறந்துவிடுவார்கள். பாமினி, வானவில் மாதிரி பழைய பான்ட்களில் அடித்த பைலை, அந்த பான்ட் இல்லாத மெஷினில் திறந்தால் தமிழே வராது, ஆங்கில எழுத்தும் குறியுமாகச் சிதறிக் கிடக்கும். அவை இருப்பது சி டிரைவில், விண்டோஸ் போல்டருக்குள் இருக்கும் பான்ட்ஸ் போல்டரில், பார்மெட் அடித்தால் அதுவும் போச்சு. முகூர்த்த மாசத்தில் போன வருஷப் பத்திரிகையைத் திருத்தித் தரச் சொல்லி ஒருவர் வந்து நிற்கும்போது இதைக் கண்டுபிடிப்பது நன்றாக இருக்காது. கணக்கு எழுத டாலி சாப்ட்வேர் வைத்திருப்பவர்கள் டேட்டா பேக்கப் எடுத்தால் மட்டும் போதாது, பழைய விண்டோஸ் ஓடும்போதே டாலி லைசென்சை சரண்டர் செய்துவிட வேண்டும், இல்லையென்றால் டீலருக்குப் போன் போட்டு அலைய வேண்டிவரும். வைஃபையை ஓடவைக்கும் டிரைவர் சாப்ட்வேரையும் முன்கூட்டியே இறக்கி பென்டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் முடிந்ததும் டி டிரைவில் இருக்கும் "சாப்ட்வேர்" போல்டரைத் திறந்து, அதே கிராக் ஆபீஸையும் திருட்டு கீ உருவாக்கும் கீஜென்னையும் திரும்ப ஏற்றுவது இருக்கிறதே, இதற்கு எதற்கு இவ்வளவு பாடு? கடிதம், கணக்கு அளவுக்கு இலவச லிப்ரே ஆபீஸ் தாராளமாகப் போதும். பதிப்புரிமைச் (காப்பிரைட்) சட்டம் 63பி பிரிவில், திருட்டு என்று தெரிந்தே மென்பொருளைப் பயன்படுத்தினால் 7 நாள் முதல் 3 வருஷம் வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதம். லாபத்துக்காகவோ தொழிலுக்காகவோ இல்லை என்றால் கோர்ட் சிறையை விட்டுவிடலாம், கடை நடத்துகிறவர் அதைச் சொல்லித் தப்ப முடியாது.

மெஷின் ரொம்பப் பழசு என்றால் வேறு கணக்கு. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது, விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்பு வசதி மெஷினில் வேண்டும், இன்டெல் என்றால் அநேகமாக 8-ஆம் தலைமுறையாவது இருக்க வேண்டும். அதற்குக் கீழே இருக்கும் மெஷினுக்குக் காசு கொடுத்து கீ வாங்காதீர்கள். விண்டோஸுக்குப் பதிலான இலவச லினக்ஸ் மின்ட்டை பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம். பிரிண்டர் வருகிறதா, டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் எடுக்கிறதா என்று அதிலேயே பார்த்துவிட்டு, அப்புறம் பார்மெட் அடியுங்கள்.