தாய்ப்பால் குடிக்கும் குழந்தையைப் பால் புட்டிக்குப் பழக்கும் முறை

பேறுகால விடுப்பு முடியும் நாள் நெருங்கும்போதுதான் பல வீடுகளில் பால் புட்டியின் நினைவே வருகிறது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனங்களில் முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரச் சம்பள விடுப்பு தர வேண்டும் என்று 2017 முதல் சட்டம் சொல்கிறது. ஆனாலும் மதுரை மாசி வீதிகளின் சிறு கடைகளிலும் வீட்டு வேலைகளிலும் இருக்கும் பெண்களுள் பலர் அதற்கு வெகு முன்பே திரும்ப வேண்டியிருக்கிறது. அப்படித் திரும்பும் தாயையும், குழந்தையை ஏற்கப்போகும் அம்மாச்சியையோ அப்பத்தாவையோ மனத்தில் கொண்டே இதை எழுதுகிறேன்.

முதலில், புட்டி வேண்டுமா என்பதையே தீர்மானிக்க வேண்டும். நம் வீடுகளில் தலைமுறைகளாகப் புழங்கும் சங்கும் பாலாடையும் எளிதில் கழுவக்கூடியவை; புட்டியின் நிப்பிள் மடிப்புகளில் தங்கும் பாலில் கிருமி பெருகி வயிற்றுப்போக்கு வரக்கூடும் என்பதால் குழந்தை மருத்துவர்களும் சங்கையே விரும்புகிறார்கள். பால் புட்டியை விளம்பரப்படுத்துவதை 1992ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருப்பதும் இந்தக் கவலையால்தான். ஒன்றிரண்டு வேளைக்குத்தான் என்றால் சங்கே போதும்; ஆறு மாதம் கடந்த குழந்தைக்குச் சிறு டம்ளரில் நேரடியாகப் பழக்கிவிடலாம். நாள் முழுவதும் நான்கைந்து முறை ஊட்ட வேண்டியிருக்கும், ஊட்டுபவருக்குச் சங்கு கைவரவில்லை என்றால் மட்டும் புட்டிக்குப் போகலாம்.

மார்பில் வாய் பிடிப்பதும் பால் சுரப்பும் நிலைப்பதற்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். அதற்கு முன் தொடங்க வேண்டாம். வேலைக்குப் போகும் நாளுக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே தொடங்கிவிட்டால், அவசரமின்றிப் பழக்கலாம்.

குழந்தை ஏன் மறுக்கிறது என்பது புரிந்தால் பாதி வேலை முடிந்தது. மார்பில் வாய் வைத்தவுடன் பால் பாய்வதில்லை; சற்று நேரம் சப்பிய பிறகே இறங்குகிறது, இடையிடையே குறைந்து மறுபடி பெருகுகிறது, அந்த வேகம் பெரும்பாலும் குழந்தையின் வசத்தில் இருக்கிறது. புட்டியைத் தலைகீழாகச் சாய்த்தால் பால் தானாகவே தொண்டைக்குள் கொட்டுவதால் குழந்தை திணறி, நாக்கால் தள்ளிவிடுகிறது. எனவே மிக மெதுவாகப் பால் வரும், பிறந்த குழந்தைகளுக்கான நிப்பிளையே வாங்க வேண்டும். குழந்தையை மல்லாக்கப் படுக்க வைக்காமல் மடியில் ஏறக்குறைய நிமிர்த்தி உட்காரவைத்து, நிப்பிளில் பால் நிற்கும் அளவுக்கு மட்டும் புட்டியைக் கிடைமட்டமாகப் பிடிக்க வேண்டும்.

முதல் முயற்சியைத் தாய் செய்யாமல் இருப்பதே நல்லது. அவர் அருகில் இருந்தால் மணத்தை அறிந்து குழந்தை மார்பையே தேடும் என்பதால், அந்த நேரத்தில் அவர் வீட்டை விட்டுச் சற்று வெளியே போயிருக்கலாம். பசியில் வீறிட்டு அழும் வேளை இதற்கு ஆகாது. பால் குடித்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகி, விழித்து விளையாடிக்கொண்டிருக்கும்போது, பீய்ச்சி எடுத்த தாய்ப்பாலில் 15 முதல் 30 மில்லி மட்டும் புட்டியில் எடுத்துக்கொள்ளுங்கள். நிப்பிளை வெந்நீரில் நனைத்து உடல் சூட்டுக்குக் கொண்டுவந்து, நுனியில் ஒரு துளி பால் தடவி, மேலுதட்டில் தொட்டுக் காத்திருங்கள். குழந்தை தானே வாயைத் திறந்து இழுக்கட்டும், திணிக்காதீர்கள். சிலமுறை விழுங்கியதும் புட்டியைச் சற்றுத் தாழ்த்தி மூச்சு வாங்க விடுங்கள். முகம் திருப்பினால் அது ‘போதும்’ என்று சொல்கிறது. பத்து நிமிடத்துக்கு மேல் வற்புறுத்தாமல், அழுதால் தோளில் போட்டு ஆற்றிவிட்டு, மறுநாள் பார்த்துக்கொள்ளலாம். ‘பட்டினி போட்டால் தானாகக் குடிக்கும்’ என்ற யோசனையை யார் சொன்னாலும் ஏற்காதீர்கள். புட்டியைக் கண்டாலே மிரளும் குழந்தைதான் அதன் பலன்.

நிப்பிளில் தேனோ சர்க்கரையோ தொட்டு வைக்கும் வழக்கத்தையும் அறவே விட வேண்டும். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கடுமையான நச்சு நோயை உண்டாக்கக்கூடும்.

சில வேளை மறுப்புக்குக் காரணம் புட்டியாக இராது, பாலாகவே இருக்கும். தாய்ப்பாலில் உள்ள லிப்பேஸ் என்ற நொதி கொழுப்பைப் பிரிப்பதால், எடுத்து வைத்த பாலில் சோப்பு போன்ற வாடை வருவதுண்டு. அது கெட்ட பால் இல்லை என்றாலும் சில குழந்தைகளுக்குப் பிடிப்பதில்லை. அப்போதே பீய்ச்சிய பாலைக் கொடுத்துப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

எடுத்த பால் 25 டிகிரி வெப்பத்தில் நான்கு மணி நேரம் தாங்கும் என்பது பொதுக் கணக்கு. சித்திரை மாதத்து மதுரையில் அந்தக் கணக்கை நம்ப முடியாது. எடுத்தவுடன் குளிர்சாதனப் பெட்டியில், கதவுப் பக்கம் வைக்காமல் உள்ளே தள்ளி வைத்து, 24 மணி நேரத்துக்குள் கொடுத்துவிடுவதே என் கண்டிப்பான ஆலோசனை. அடுப்பிலோ மைக்ரோவேவிலோ சூடாக்காமல், வெந்நீர்ப் பாத்திரத்தில் புட்டியை நிறுத்தி இளஞ்சூடாக்குங்கள். குடித்த மிச்சத்தை அடுத்த வேளைக்கு வைக்கக் கூடாது. புட்டியைப் பிரஷ் போட்டுச் சோப்பால் தேய்த்துக் கழுவி, முழுவதும் மூழ்கும்படி பத்து நிமிடம் கொதிக்க விடுங்கள்; ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீர் வெள்ளைப் படிவத்தை விடுவதால் குடிநீரையே இதற்குப் பயன்படுத்துங்கள்.

ஒன்று முதல் ஆறு மாதக் குழந்தை நாளொன்றுக்குச் சராசரியாக 750 மில்லி குடிக்கிறது. எட்டு வேளைக்குப் பகிர்ந்தால் வேளைக்கு 90 மில்லியைச் சற்றுத் தாண்டும். தாய் வேலையிடத்தில் குழந்தை குடிக்கும் நேரத்தையொட்டிப் பாலைப் பீய்ச்சி எடுக்காவிட்டால் மார்பு கட்டிக்கொள்ளும், சுரப்பும் குறையும். பகலில் மிகக் குறைவாகக் குடித்துவிட்டு, தாய் வந்த பின் இரவெல்லாம் குடிக்கும் குழந்தைகளும் உண்டு; எடை கூடிவருமானால் அதற்காக அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் 24 மணி நேரத்தில் ஆறு முறைக்கும் குறைவாகச் சிறுநீர் கழித்தாலோ, சோர்ந்து எழுப்ப முடியாமல் கிடந்தாலோ, புட்டிப் பழக்கத்தை நிறுத்திவிட்டு அன்றைக்கே குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.