செகண்ட் ஹேண்ட் கார் டீலர் செய்த ரிப்பேர் சொதப்பினால் என்ன செய்வது

டீலர் ரிப்பேர் செய்து கொடுத்த கார் மறுபடி மக்கர் பண்ணினால், அவசரப்பட்டு வேறு மெக்கானிக்கிடம் விட்டுப் பிரிக்காதீர்கள். பிரித்த நிமிடமே ‘கெடுத்தது அந்த ஆள்தான்’ என்று சொல்ல டீலருக்கு வாய்ப்பு கிடைத்துவிடும். வண்டியை ஓட்டவும் வேண்டாம். ‘சூடு ஏறியும் ஓட்டினார்’ என்பது அடுத்த வாதமாக வரும்.

முதலில் ஓடோமீட்டர், எச்சரிக்கை விளக்கு, ஆயில் டிப்ஸ்டிக் (ஆயில் அளவு பார்க்கும் குச்சி), கூலன்ட் (என்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) டேங்க் எல்லாவற்றையும் தேதியோடு படம் எடுங்கள். பிறகு ஸ்கேன் ரிப்போர்ட், அதாவது காரின் கம்ப்யூட்டரை ஸ்கேனர் கருவியால் படித்து எடுக்கும் அறிக்கை. அந்தக் கம்ப்யூட்டர் பதிந்து வைக்கும் கோளாறு எண்ணான ஃபால்ட் கோடை அழித்து, விளக்கை மட்டும் அணைத்துக் கொடுப்பது பழைய வித்தை. கோடு அழித்தபின் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பது பல கார்களில் ஸ்கேனரில் தெரியும். அந்தக் கணக்கு டெலிவரி எடுத்த நாளோடு பொருந்தினால் நல்ல சாட்சி.

ஓவர்ஹீட் கேஸ்களில் இன்னொன்றைக் கவனியுங்கள். ஹெட் கேஸ்கட் (என்ஜின் பிளாக்குக்கும் அதன் மேல்மூடியான சிலிண்டர் ஹெட்டுக்கும் நடுவே உள்ள சீல்) மாற்றியதாக பில் இருக்கும்; உள்ளே கூலன்ட் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் வால்வான தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டிருப்பார்கள், அல்லது ரேடியேட்டரில் லீக் அடைக்கும் மருந்தை ஊற்றியிருப்பார்கள். சிலிண்டர் ஹெட்டின் வளைவைச் சோதிக்காமல், ஒருமுறை மட்டுமே பயன்படுத்த வேண்டிய போல்ட்டுகளையே திரும்ப முடுக்கினால், புது கேஸ்கட்டும் நிற்காது. கூலன்ட் கலந்து ஆயில் பால் கலந்த காபி நிறத்துக்கு மாறும்.

இதை எழுத்தில் சொல்ல ஒரு நிபுணர் வேண்டும். வாகன சர்வேயர், கம்பெனி சர்வீஸ் சென்டர், பாலிடெக்னிக் ஆட்டோமொபைல் விரிவுரையாளர் யாராகவும் இருக்கலாம். அவர் என்ஜினைத் திறக்க வேண்டியிருந்தால், தேதி, இடம் சொல்லி டீலருக்கு முன்கூட்டியே எழுதுங்கள். வராவிட்டால் அவர் பாடு. அறிக்கையில் பதிவு எண், சேஸிஸ் எண், ஓடோமீட்டர் அளவு, கண்ட குறை, அதன் காரணம், சரிசெய்யும் செலவு எல்லாம் இருக்க வேண்டும். ‘வண்டி பழசு, தேய்மானம்’ என்பதுதான் டீலரின் வழக்கமான பதில். ஆகவே எது தேய்மானம், எது வேலைக்குறை என்று பிரித்து எழுதாத அறிக்கையால் பயன் குறைவு. கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்கி வையுங்கள்.

டீலர் வண்டியைப் பிடித்து வைத்துக்கொண்டு கூலி கேட்டால்? செய்த வேலைக்குக் கூலி வரும்வரை வைத்திருக்கும் உரிமையை ஒப்பந்தச் சட்டத்தின் 170ஆம் பிரிவு தருகிறது. அதுவும் ஒப்புக்கொண்ட வேலையைச் செய்திருந்தால்தான். தகராறு வளர்ப்பதைவிட, ‘ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்’ என்று பில்லிலும் வாட்ஸ்அப்பிலும் எழுதிவிட்டுப் பணம் கட்டி வண்டியை எடுப்பது நல்லது. பில் தர மறுப்பதே 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நேர்மையற்ற வணிகம்.

பலர் வழுக்கி விழும் இடம் இலவச ரிப்பேர். கட்டணமில்லாத சேவைக்கு நுகர்வோர் சட்டத்தில் இடமில்லை; டீலரின் வக்கீல் இதைத்தான் பிடிப்பார். விற்றபோது கொடுத்த வாரண்டியின் கீழ் செய்த வேலை என்றால், அதற்கான பணம் காரின் விலையிலேயே அடங்கியிருக்கிறது என்று மனுவில் தெளிவாக எழுதுங்கள். ‘உள்ளது உள்ளபடி விற்பனை’ என்ற கையெழுத்துக்கும் அதிகம் பயப்பட வேண்டாம். அது விற்ற நாளில் வண்டி இருந்த நிலையைப் பற்றியது. பிறகு செய்த வேலையின் தரத்தைப் பற்றியது அல்ல என்று வாதிடலாம்.

அடுத்து நோட்டீஸ். வக்கீல்தான் அனுப்ப வேண்டும் என்பதில்லை. குறை என்ன, கேட்பது என்ன (இலவச மறுவேலையா, பணமா, எவ்வளவு) என்று எழுதி 15 நாள் கெடு கொடுத்து, ஒப்புகையோடு தபாலில் அனுப்புங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகார் பதியலாம். பெரிய நிறுவனங்கள் சில நேரம் அதிலேயே இறங்கி வரும், தெருமுனை டீலர் பெரும்பாலும் அசைய மாட்டார்.

அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். டீலர் வேறு ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம். கொடுத்த தொகை 50 லட்சத்துக்குள் இருந்தால் மாவட்ட ஆணையம் போதும். 5 லட்சம் வரை மனுக் கட்டணம் கிடையாது, 10 லட்சம் வரை 200 ரூபாய். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். ‘அடுத்த வாரம் பார்க்கலாம்’ என்று டீலர் இழுத்தடிக்கும் நாட்களும் இதில்தான் ஓடும். வேலையை வெளி ஒர்க்‌ஷாப்பில் செய்திருந்தால் டீலர், ஒர்க்‌ஷாப் இருவரையும் எதிர்மனுதாரராக்குங்கள். இல்லாவிட்டால் ஒருவர் மற்றவரைக் கை காட்டுவார். வாட்ஸ்அப் உரையாடல்களுக்கு 2023ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழையும் (மின்னணுப் பதிவை சாட்சியமாக ஏற்கத் தேவையான சான்று) சேர்த்துவிடுங்கள்.

டாக்ஸி வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வணிகத்துக்காக வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார். சொந்தப் பிழைப்புக்காகத் தானே ஓட்டுபவருக்கு விலக்கு உண்டு. அதை மனுவிலேயே சொல்ல வேண்டும்.

நோட்டீஸ் கிடைத்ததிலிருந்து எதிர்த்தரப்புக்குப் பதில் தர 30 நாள், கூடுதலாக 15 நாள், அதற்கு மேல் கிடையாது. சட்டம் 3 மாதத்தில், பரிசோதனை தேவைப்பட்டால் 5 மாதத்தில் முடிக்கப் பார்க்கச் சொல்கிறது. நடைமுறையில் கூடுதலாகவே ஆகும். செய்யாத வேலைக்கு, போடாத பாகத்துக்கு பில் போட்டது தெளிவாக இருந்தால் மட்டும் போலீசுக்குப் போங்கள். வெறும் மோசமான வேலை என்றால் ‘இது சிவில்’ என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

உத்தரவு வந்தும் பணம் தராவிட்டால் அதே ஆணையத்தில் 71, 72ஆம் பிரிவுகளின் கீழ் நிறைவேற்ற மனு போடலாம். 72ஆம் பிரிவில் ஒரு மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையோ, குறைந்தது 25,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ உண்டு. பிடிவாரண்ட் பேச்சு எழும்போதுதான் பல டீலர்களுக்கு செக் புத்தகம் ஞாபகம் வரும்.