வில் வாங்கும்போது இழுவிசையில் செய்யும் தவறுகள்

குமரி மாவட்டத்தில் கை உரத்துக்குப் பஞ்சமில்லை. அடிமுறை பழகியவர், ரப்பர் பால் வெட்டுகிறவர், குளச்சலில் வலை இழுக்கிறவர் என்று வலுவான ஆட்கள் ஊருக்கு ஊர் உண்டு. பாரம்பரிய வில்வித்தை பழக வரும்போது இந்த வலுவே ஏமாற்றிவிடும். வில்லின் இழுவிசையை, அதாவது நாணை முழுதாக இழுக்கத் தேவைப்படும் பலத்தை, பவுண்டில் சொல்வார்கள். "45 பவுண்டுதானே, இழுத்துடலாம்" என்று முதல் வில்லையே கனமாக வாங்கிவிடுவார்கள்.

இழுத்துவிடலாம்தான். இழுத்த நாணைக் கன்னத்தோரம் அசையாமல் நிறுத்துவதுதான் பாடு. அது பெரும்பாலும் தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே இருக்கும் முதுகுத் தசைகளின் வேலை. அந்தத் தசைகளை இப்படி இழுத்துப் பிடித்து நிறுத்தும் வேலை அன்றாடத்தில் அநேகமாக வருவதே இல்லை. அதனால் வில் கனமாக இருந்தால் வில் பிடித்த கையின் தோள் காதை நோக்கி ஏறும், இடுப்பு பின்னால் வளையும், நாண் கன்னத்துக்கு வரும் முன்பே விரல்கள் விட்டுவிடும். இந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டால் பிறகு லேசான வில்லை எடுத்தாலும் சுலபத்தில் போகாது. தோள் வலி வேறு வரும்.

வாங்கும் முன் இப்படிப் பாருங்கள். நாணை முழுதாக இழுத்துப் பத்து நொடி நிறுத்துங்கள், அப்புறம் மெதுவாகத் திரும்பக் கொண்டுவாருங்கள். அம்பில்லாமல் நாணைச் சட்டென்று விடவே கூடாது, வில் உடைந்துபோகலாம். சற்று ஓய்வெடுத்து, ஐந்தாறு தடவை இதையே செய்யுங்கள். கடைசித் தடவையும் கை நடுங்காவிட்டால் சரி. பெரும்பாலான பெரியவர்களுக்கு 20 முதல் 25 பவுண்டில் தொடங்குவதே நல்லது. குறைவாகத் தெரியும், ஆனால் 10 மீட்டரில் பழக அது தாராளம்.

வில்லில் எழுதியிருக்கும் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்வது அடுத்த தவறு. அது பொதுவாக 28 அங்குலம் இழுக்கும்போது வரும் எடை. இரு கைகளையும் விரித்து, ஒரு நடுவிரல் நுனியிலிருந்து மறு நுனி வரை அளந்து 2.5 ஆல் வகுத்தால் உங்கள் இழுப்பு நீளம் தோராயமாகக் கிடைக்கும். 65 அங்குலம் என்றால் 26. அங்குலத்துக்கு இரண்டு பவுண்டு போல மாறும் என்பதால், 30 என்று எழுதிய வில் உங்கள் கையில் 26 பவுண்டு அளவில்தான் இருக்கும். கை நீளமானவருக்கு அதே வில் 30ஐத் தாண்டும்.

"வளருகிற பிள்ளைதானே" என்று மகனுக்கோ மகளுக்கோ பெரிய வில் வாங்கி வைப்பதும் வேண்டாம். சிறுவர்களுக்கு 10 முதல் 15 பவுண்டு போதும். கைப்பிடியிலிருந்து கழற்றி மாட்டும் லிம்ப் (வில்லின் மேலும் கீழும் வளையும் பகுதி) உள்ள வில்லாக வாங்கினால், பலம் கூடக்கூட லிம்பை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். அப்படி மாற்றும்போது அம்பையும் பாருங்கள். லேசான வில்லுக்கு வாங்கிய அம்பு கனமான லிம்புக்கு அளவுக்குமேல் வளையும், குறி பக்கவாட்டில் விலகும்.