தவிலின் தொப்பிச் சத்தம் எங்கே போனது? ஸ்டீரியோ ஒட்டுறவை நிரல் எழுதி அளக்கும் முறை

மேலூர்ப் பக்கம் ஒரு கிராமத்துக்காக நையாண்டி மேளம் ஒன்றைப் பதிவு செய்தேன். முளைப்பாரி வாரம் முழுக்க மைக்செட்டில் போடுவதற்காகக் கேட்டிருந்தார்கள். இரண்டு நாதஸ்வரம், இரண்டு தவில், ஒரு பம்பை. முன்னால் நின்ற தவிலுக்கு மட்டும் இரண்டு மைக் வைத்தேன்: விரலால் வாசிக்கும் வலந்தலைக்கு ஒன்று, குச்சியால் அடிக்கும் தொப்பிக்கு ஒன்று. மிக்ஸிங்கில் ஒன்றை இடப்பக்கமும் மற்றதை வலப்பக்கமும் தள்ளினேன். செல்லூரில் என் அறையில் ஹெட்ஃபோன் போட்டுக் கேட்டபோது தவில் என் இரண்டு காதுக்கும் நடுவே நின்றது.

ஊரில் போய் நின்று கேட்டேன். நாதஸ்வரம் கணீரென்று வந்தது. தவிலில் விரல் சத்தம் மட்டும் டிக் டிக்கென்று வந்தது, குச்சியால் அடிக்கும் தொப்பியின் கனம் இல்லை. வேப்பமரத்தில் கட்டிய கோன் குழாயில் பேஸ் வராது, அது எல்லோருக்கும் தெரியும். பந்தலுக்குப் பக்கத்தில் வைத்திருந்த பெரிய பாக்ஸிலும் வரவில்லை. மைக்செட்காரரைக் குறை சொல்ல முடியாது. அவர் இடம், வலம் இரண்டையும் சேர்த்து மோனோவாக அனுப்புகிறார். தெருத்தெருவாகக் குழாய் கட்டுகிறவர் வேறு எப்படி அனுப்ப முடியும்? தப்பு என் பதிவில் இருந்தது. அன்றிலிருந்து எந்தப் பதிவையும் ஒட்டுறவு, அதாவது இடமும் வலமும் எவ்வளவு ஒன்றாக நகர்கின்றன என்பதை, அளக்காமல் நான் கொடுப்பதில்லை. அதற்கு நான் பைத்தானில் எழுதி வைத்திருக்கும் முறையைத்தான் இங்கே சொல்கிறேன்.

முதலில் காரணம். தவிலின் இரண்டு தோலுக்கும் நடுவே பலாமரக் கூட்டுக்குள் காற்று அடைபட்டிருக்கிறது. தொப்பியில் குச்சி விழுந்ததும் அந்தத் தோல் உள்ளே போகிறது. உள்ளே இருக்கும் காற்று தள்ள, வலந்தலைத் தோல் வெளியே வருகிறது. ஆகவே தொப்பி மைக் காற்றழுத்தம் குறைவதைக் கேட்கும் அதே நொடியில் வலந்தலை மைக் அழுத்தம் கூடுவதைக் கேட்கிறது. தாழ்ந்த அலைவரிசையில் இரண்டும் ஒன்றுக்கொன்று தலைகீழ். கூட்டினால் அடித்துக்கொண்டு போய்விடும். மிருதங்கம், உருமி என்று இரண்டு முகம் உள்ள எந்த வாத்தியத்துக்கும் இரண்டு மைக் வைத்தால் இதே கதைதான்.

இதை ஒரே எண்ணில் சொல்வதுதான் ஒட்டுறவுக் கெழு. மேல்நிலை வகுப்பு வணிகக் கணிதத்தில் கார்ல் பியர்சன் பெயரில் படித்திருப்பீர்களே, அதேதான். இடதையும் வலதையும் சாம்பிளுக்குச் சாம்பிள் (கோப்பில் அலையின் ஒவ்வொரு கணத்து அளவும் ஒரு சாம்பிள்) பெருக்கிச் சராசரி எடுங்கள். அதை, இடதின் வர்க்கச் சராசரியையும் வலதின் வர்க்கச் சராசரியையும் பெருக்கி எடுத்த வர்க்கமூலத்தால் வகுங்கள். இரண்டு பக்கமும் ஒன்றாகவே நகர்ந்தால் +1. சம்பந்தமே இல்லையென்றால் 0. தலைகீழாக நகர்ந்தால் −1.

மோனோவில் என்ன ஆகும் என்பதையும் இந்த எண்ணே சொல்லிவிடும். இரண்டு பக்கமும் ஒரே அளவு சத்தம் என்று வைத்துக்கொண்டு, கூட்டிப் பாதியாக்கினால், மிஞ்சும் திறன் (1 + கெழு) / 2. கெழு 0 என்றால் 3 டெசிபல் குறையும், −0.5 என்றால் 6 டெசிபல். −1 என்றால் ஒன்றுமே மிஞ்சாது.

சரி, நிரலுக்கு வருவோம். பைத்தான் 3-இல் மாறிகளுக்குத் தமிழில் பெயர் வைக்கலாம், நான் அப்படித்தான் வைக்கிறேன். என்ன கணக்கு நடக்கிறது என்று ஒரு மாதம் கழித்துப் பார்த்தாலும் புரிகிறது. இட, வல என்பவை ஒவ்வொரு சாம்பிளின் மதிப்பு. இடவல, இடஇட, வலவல மூன்றும் 0-வில் தொடங்கும். 44,100 ஹெர்ட்ஸ் கோப்புக்கு:

க = 2.718281828 ** (-1 / (0.3 * 44100))

இடவல = க * இடவல + (1 - க) * இட * வல
இடஇட = க * இடஇட + (1 - க) * இட * இட
வலவல = க * வலவல + (1 - க) * வல * வல

கெழு = இடவல / (இடஇட * வலவல) ** 0.5

0.3 என்பது நினைவு நீளம், நொடியில். பழைய சாம்பிள்கள் மெல்ல மெல்ல மறக்கப்படும். இதைக் குறைத்தால் எண் துள்ளும், கூட்டினால் ஒரு தீர்மானத்தில் (வாசிப்பை முடிக்கும் அடிக்கோவையில்) வரும் நாலு அடி மட்டும் கெட்டிருப்பது தெரியாமல் போகும். தாளக் கருவிக்கு 0.3 எனக்குச் சரியாக வருகிறது. மூன்று சராசரியும் ஒரே வேகத்தில் ஏறுவதால் தொடக்கத்தில் 0-வில் இருந்தது விடையைக் கெடுக்காது, வகுக்கும்போது கழிந்துவிடும்.

நாலு நிமிடப் பாட்டில் ஒரு பக்கத்துக்கு மட்டும் ஒரு கோடியே ஐந்து லட்சத்துக்கு மேல் சாம்பிள்கள். பைத்தான் சுழலில் ஒவ்வொன்றாக ஓட்டினால் டீ குடித்துவிட்டு வரலாம். 1024 சாம்பிள்களை ஒரு கட்டாக எடுத்து, அந்தக் கட்டில் மூன்று பெருக்கலின் சராசரியையும் நம்பையில் (NumPy, அணிக் கணக்குக்கான பைத்தான் நூலகம்) கணக்கிட்டு, மேலே உள்ள மேம்படுத்தலைக் கட்டுக்கு ஒரு முறை செய்யுங்கள். அப்போது அடுக்கில் −1 இருக்கும் இடத்தில் −1024 போட வேண்டும். க சுமார் 0.9255 ஆகும்.

நான் சிக்கிய இடங்களைச் சொல்கிறேன், உங்களுக்கு நேரம் மிச்சமாகும். கோப்பை 16 பிட் முழு எண்ணாகவே படித்து அப்படியே பெருக்கினேன். நம்பை அணியில் 200-ஐ 200-ஆல் பெருக்கினால் 40,000 வராது, −25,536 வரும். 16 பிட்டில் 32,767-க்கு மேல் இடமில்லை, சுற்றிக்கொண்டு கீழே போய்விடும். எச்சரிக்கையும் வராது. படித்த கையோடு மிதவை எண்ணாக (float) மாற்றி 32,768-ஆல் வகுத்துவிடுங்கள், 64 பிட் மிதவையாக.

அடுத்தது அமைதி. பாட்டுக்கு முன்னால் இருக்கும் வெற்று இடத்தில் 0-வை 0-வால் வகுக்க நேரும். ஏதோ சிறு எண்ணைக் கீழே கூட்டித் தப்பிக்கலாம் என்பார்கள். அப்படிச் செய்தால் அமைதியான இடமெல்லாம் கெழு 0 என்று வந்து, அகலமான ஸ்டீரியோ போல ஏமாற்றும். இடஇட, வலவல இரண்டில் எது 0.000001-க்குக் கீழே போனாலும், அதாவது −60 டெசிபலுக்குக் கீழே, அந்த இடத்துக்கு விடை இல்லை என்று எழுதி விட்டுவிடுங்கள்.

மூன்றாவது, மலிவான சவுண்ட் கார்டு சேர்க்கும் டிசி (DC), அதாவது அலை முழுவதையும் ஒரே அளவு தூக்கிவிடும் மாறாத அளவு. இரண்டு பக்கமும் 0.1 அளவு மேலே தூக்கியிருந்து, உண்மையான சத்தம் 0.05 அளவில் தனித்தனியாக ஓடினால், கெழு 0 வர வேண்டிய இடத்தில் 0.8 வரும். 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டு அளந்தால் இது போய்விடும்.

இன்னொன்று: கெழுக்களைச் சராசரி எடுக்காதீர்கள். முழுப் பாட்டுக்கும் ஒரு எண் வேண்டுமென்றால் மூன்று பெருக்கல் தொகையையும் கடைசி வரை சேர்த்து, ஒரே ஒரு முறை வகுங்கள். இல்லாவிட்டால் சத்தமே இல்லாத மூலையும் உச்ச தீர்மானமும் சம ஓட்டுப் போடும்.

எழுதியதும் சோதித்துப் பாருங்கள். இரைச்சல் ஒன்றை உருவாக்கி இரண்டு பக்கமும் கொடுத்தால் சரியாக +1 வர வேண்டும். ஒன்றை −1-ஆல் பெருக்கினால் −1. தனித்தனி இரைச்சல் இரண்டு கொடுத்தால் 0-வை ஒட்டி, இரண்டாம் தசம இடத்தில் ஆடும். பிறகு ஒரு பக்கத்தை 0.1-ஆல் பெருக்கிக் கொடுங்கள். அப்போதும் +1 வர வேண்டும். இதைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். கெழு வடிவத்தை ஒப்பிடுகிறது, எந்தப் பக்கம் சத்தம் அதிகம் என்பதை அது சொல்லாது.

இப்போது முக்கியமான இடம். அந்த மேளப் பதிவை முழுதாக அளந்தபோது +0.6 வந்தது. நல்ல எண்! இதைப் பார்த்து யாரும் கோப்பைக் கொடுத்துவிடுவார்கள். நாதஸ்வரம் இரண்டு பக்கமும் சமமாக, பலமாக இருந்ததால் அதுவே எண்ணை இழுத்துக்கொண்டது. 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே மட்டும் வடிகட்டி அளந்தால் −0.7. அந்தப் பகுதியில் 8 டெசிபல் ஊரில் காணாமல் போயிருக்கிறது. நான் கேட்ட குறையும் அதேதான்.

ஆகவே எப்போதும் பட்டை பிரித்து அளங்கள். சைபையில் (SciPy, இன்னொரு பைத்தான் நூலகம்) உள்ள நாலாம் வரிசை பட்டர்வொர்த் வடிகட்டி போதும்: 150-க்குக் கீழே அடிப்பட்டை, 150 முதல் 2,000 வரை நடுப்பட்டை, 2,000-க்கு மேலே மேல்பட்டை. வடிகட்டி ஃபேஸை (அலையின் நேர நிலையை) மாற்றுமே, அளவு கெடாதா என்று நானும் பயந்தேன். ஒரே வடிகட்டியை இரண்டு பக்கமும் போட்டால் இரண்டும் ஒரே அளவு மாறும், இடையில் உள்ள உறவு அப்படியே இருக்கும்.

கெழு கீழே போனால் காரணம் இரண்டில் எது என்று பிரிக்க வேண்டும்: தலைகீழா, தாமதமா? மைக் கேபிளில் இரண்டாம் பின்னும் (pin) மூன்றாம் பின்னும் மாற்றிச் சால்டர் ஆகியிருந்தால் அந்த மைக் எல்லா அலைவரிசையிலும் தலைகீழாகும், மூன்று பட்டையும் சேர்ந்து இறங்கும். தாமதம் அப்படியில்லை. ஒரு மில்லிநொடி தாமதம் 500 ஹெர்ட்ஸில் −1 தரும், 250-இல் 0, 1,000-இல் திரும்ப +1. அதனால் 0 என்று வந்தாலே சம்பந்தமில்லாத சத்தம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. தவில் போன்ற வாத்தியத்தில் அடிப்பட்டை மட்டும் பலமாக எதிர்ப்பக்கம் போகும்.

சந்தேகம் தீர, ஒரு பக்கத்தை முன்னும் பின்னும் 100 சாம்பிள் வரை ஒவ்வொன்றாக நகர்த்தி, ஒவ்வொரு நிலையிலும் கெழுவைக் கணக்கிடுங்கள். குறியை விட்டுவிட்டு அளவில் பெரியது எங்கே வருகிறது என்று பாருங்கள். நகர்த்தாத இடத்திலேயே வந்து, எதிர்க்குறியோடு இருந்தால் தலைகீழ். 30 சாம்பிள் தள்ளி நேர்க்குறியோடு வந்தால் மைக் தூரம். நம்மூர் 35 டிகிரி வெயிலில் ஒலி நொடிக்கு சுமார் 352 மீட்டர் போகும். 44,100-இல் 30 சாம்பிள் என்பது 24 சென்டிமீட்டர். டேப் வைத்து அளந்தால் அதே தூரம் வரும்போது மனசுக்கு அவ்வளவு நிறைவாக இருக்கும்.

என் பதிவில் தனித்தனி டிராக் கையில் இருந்தது. தொப்பி மைக்கை மட்டும் −1-ஆல் பெருக்கி மறுபடி மிக்ஸ் செய்தேன். அடிப்பட்டை −0.7-இலிருந்து +0.6-க்கு வந்தது, இப்போது மோனோவில் 1 டெசிபல்தான் குறைகிறது. நடுப்பட்டை கொஞ்சம் மாறியது, காதுக்கு உறுத்தவில்லை. டிராக் இல்லாமல் முடிந்த ஸ்டீரியோ கோப்பு மட்டும் இருந்தால், பேஸை மோனோ ஆக்கினால் போதும் என்று சட்டென்று செய்துவிடாதீர்கள். இரண்டையும் கூட்டுவதில்தானே அது தொலைகிறது. 150-க்குக் கீழே ஒரு பக்கத்தை மட்டும் எடுத்து, அதையே இரண்டு பக்கமும் போடுங்கள்.

எது சரியான எண் என்று கேட்பார்கள். அடிப்பட்டை 0-வுக்குக் கீழே அரை நொடிக்கு மேல் நின்றால் நான் கோப்பை நிறுத்திவிடுவேன். நடுவில் 0.2-க்கு மேல் இருந்தால் போதும். மேல்பட்டை 0-வைத் தொட்டு ஆடுவது ஜால்ராவுக்கும் கூட்டத்தின் சத்தத்துக்கும் இயல்பு, அதை இழுத்துப் பிடித்தால் மேளம் குறுகிவிடும்.

இப்போதெல்லாம் ஒவ்வொரு கோப்போடும் ஒரு சின்ன டெக்ஸ்ட் கோப்பை என் நிரல் எழுதி வைக்கிறது: மூன்று பட்டையிலும் மிகக் குறைந்த கெழு என்ன, அது எத்தனையாவது நிமிடம் எத்தனையாவது நொடியில் வந்தது என்று. பென்டிரைவில் ஏற்றும் முன் அந்த மூன்று இடத்துக்கும் போய், மிக்சரில் மோனோ பட்டனை அழுத்தி, ஒரே ஒரு ஸ்பீக்கரில் கேட்கிறேன்.