வீட்டு நீச்சல் தடாகத்தில் பாசி: கிழக்குக் கரையின் வெயிலுக்கும் மாரிக்கும் ஏற்ற பராமரிப்பு

கல்லடி, பாசிக்குடா முதல் பொத்துவில், அறுகம்பை வரையான எமது கரையோரத்தில் நீச்சல் தடாகம் உள்ள வீடுகளும் சிறு விடுதிகளும் இன்று புதுமையல்ல. நேற்று மாலை தெளிவாக இருந்த நீர் இன்று காலையில் ஏன் பச்சையாகிவிட்டது என்பதே அவற்றின் உரிமையாளர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி. உண்மையில் அது ஓர் இரவில் நடப்பதன்று. பாசியின் நுண்வித்துகள் காற்றோடும் மழையோடும் உதிரும் தென்னம்பூக்களோடும் நாள்தோறும் தடாகத்தினுள் வந்துகொண்டேயிருக்கின்றன. நீரில் போதிய குளோரின் இருக்கும்வரை அவை பெருகுவதற்கு முன்பே அழிந்துவிடும். குளோரின் இறங்கிய நாளிலேயே பெருக்கம் தொடங்கி, முதலில் சுவரும் படியும் வழுக்கி, அடுத்து நீரின் மினுக்கம் மங்கி, கடைசியிலேயே பச்சை நிறம் கண்ணுக்குத் தெரிகிறது. எனவே நிறத்தைப் பார்த்து மருந்து தேடுவோர் எப்போதும் சில நாட்கள் பிந்தியே செயற்படுகிறார்கள். பாசிக்கொல்லிக்குச் செலவிடும் பணத்தை முதலில் ஒரு நல்ல பரிசோதனைப் பெட்டிக்குச் செலவிடுங்கள் என்பதே எனது உறுதியான ஆலோசனை.

அந்தப் பெட்டி குளோரின், நீர் அமிலப் பக்கமா காரப் பக்கமா என்பதைக் காட்டும் பீஎச், அந்தப் பீஎச்சை நிலைநிறுத்தும் காரத்தன்மை, வெயிலிலிருந்து குளோரினைக் காக்கும் சயனூரிக் அமிலம் ஆகிய நான்கையும் அளக்கக்கூடியதாக இருக்க வேண்டும். குளோரினை வெறும் மஞ்சள் நிறத்தால் காட்டும் பழைய வகைத் திரவம், செயற்படும் குளோரினையும் ஏற்கெனவே அழுக்கோடு சேர்ந்து வலுவிழந்த குளோரினையும் பிரித்துக் காட்டாது. இளஞ்சிவப்பு நிறம் தரும் டிபிடி வகை இரண்டையும் பிரித்துக் காட்டும். ஆனால் குளோரின் மிக அதிகமாக இருக்கும்போது அந்தச் சிவப்பு நிறமே வெளுத்து, நீரில் குளோரின் அறவே இல்லை என்ற தோற்றத்தைத் தரலாம். மாதிரி நீரில் சோதனை மருந்து இட்ட மறுகணம் நிறம் தோன்றி மறைந்தால், மாதிரி நீரோடு சம அளவு குடிநீர் கலந்து மீண்டும் அளந்து, கிடைக்கும் அளவை இரண்டால் பெருக்குங்கள்.

பீஎச் 7.2 இற்கும் 7.6 இற்கும் இடையில் நிற்க வேண்டும். பீஎச் 7.5 இல் குளோரினின் ஏறத்தாழ அரைப்பங்கு கிருமியைக் கொல்லும் வலிய வடிவில் இருக்கும். அது 8 ஆக உயர்ந்தால் அந்தப் பங்கு காற்பங்களவுக்கு இறங்கிவிடும். உப்பிலிருந்து குளோரின் உண்டாக்கும் கருவி பூட்டிய தடாகங்களில் பீஎச் தானாகவே ஏறிக்கொண்டிருக்கும் என்பதால், அங்கு இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். காரத்தன்மை லீற்றருக்கு 80 முதல் 120 மில்லிகிராம் வரை இருந்தால் பீஎச் அலைபாயாது. குறைந்திருந்தால் அப்பச்சோடாவே போதும்.

அடுத்தது வெயில். எமது பகுதியின் நண்பகல் வெயிலில், பாதுகாப்பு எதுவுமற்ற குளோரினில் பாதி ஒரு மணித்தியாலத்துக்குள்ளேயே அழிந்துவிடும். காலையில் இட்ட மருந்து மாலையில் இல்லாமற் போவதன் காரணம் இதுதான். சயனூரிக் அமிலம் குளோரினைப் பற்றிப் பிடித்து இந்த இழப்பைப் பெருமளவு குறைக்கிறது. லீற்றருக்கு 30 முதல் 50 மில்லிகிராம் வரை இருந்தால் போதுமானது. ஆனால் அதே பிடிப்பு குளோரினின் வேகத்தையும் குறைக்கிறது. ஆகவே குளோரின் அளவு எப்போதும் சயனூரிக் அமில அளவின் நூற்றுக்கு ஏழரைப் பங்குக்குக் குறையாமல் இருக்க வேண்டும்: அமிலம் 30 என்றால் குளோரின் இரண்டுக்கு மேலும், 50 என்றால் நான்களவிலும்.

மிதவையில் இடும் வெள்ளை மாத்திரைகளை மட்டுமே நம்பியிருப்போர் சறுக்கும் இடம் இதுவே. டிரைகுளோர் வகையைச் சேர்ந்த அந்த மாத்திரைகள் குளோரினோடு சயனூரிக் அமிலத்தையும் சேர்த்தே கரைக்கின்றன. 40,000 லீற்றர் தடாகத்தில் வாரத்துக்கு 200 கிராம் மாத்திரை இரண்டு வீதம் இட்டால், நான்கு வாரங்களில் அந்த அமிலம் லீற்றருக்கு 20 மில்லிகிராமுக்கும் அதிகமாக ஏறிவிடும். வெயிலில் அது எளிதில் சிதைவதில்லை; நீரை மாற்றினால்தான் குறையும். சில மாதங்களில் அது நூறைத் தாண்டும்போது, பரிசோதனையில் குளோரின் மூன்று என்று காட்டினாலும் பாசி கவலையின்றி வளரும். மாத்திரை பழுது என்று எண்ணி இன்னும் கூடுதலாக இடுவது நிலைமையை மேலும் கெடுக்கும். அமிலம் 50 ஐ எட்டியதும் மாத்திரையை நிறுத்தி, திரவ குளோரினுக்கோ கல்சியம் ஐப்போகுளோரைற்றுக்கோ மாறிவிடுங்கள். நாளாந்த மருந்தை வெயில் தாழ்ந்த பின், பம்பி ஓடிக்கொண்டிருக்கும்போது இடுவது நல்லது.

மற்ற வழமைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பம்பி நாளுக்கு எட்டு மணித்தியாலமளவில் ஓடட்டும். மின்தடை நீடித்தால் குளோரின் கரைசலைக் கையால் ஓரமெங்கும் ஊற்றி, தூரிகைத் தடியால் நீரைக் கலக்கிவிடுங்கள். வாரத்துக்கு ஒரு முறையேனும் சுவர்களையும், குறிப்பாக ஏணியின் பின்புறம், படி மூலை, விளக்கின் ஓரம் போன்ற நீரோட்டம் குறைந்த இடங்களையும் தேயுங்கள். மணல் வடிகட்டியின் அழுத்தமானி, கழுவிய நாளில் காட்டிய அளவைவிட நாலில் ஒரு பங்கு உயர்ந்ததும் பேக்வாஷ் செய்யுங்கள், அதாவது நீரை எதிர்த்திசையில் செலுத்தி வடிகட்டியைக் கழுவுங்கள்.

பருவங்கள் இரண்டும் இருவிதமாகச் சோதிக்கும். கச்சான் காற்று வீசும் ஆனி, ஆடி மாதங்களில் சூடும் புழுதியும் சேர்ந்து குளோரினை விரைவாகத் தின்னும். அந்நாட்களில் அளவை நாள்தோறும் பார்க்க வேண்டும். கார்த்திகை தொடங்கிப் பெய்யும் மாரி மழை, நீரை வழியவிட்டு மருந்து யாவற்றையும் ஐதாக்குவதோடு, முற்றத்து மண்ணையும் உரத்தையும் அடித்துவரும். தடாக விளிம்பைச் சுற்றி நிலத்தை வெளிப்புறமாகச் சரித்து, முற்றத்து வெள்ளம் உள்ளே வராமல் செய்வது எந்த மருந்தையும்விடப் பெரிய காவல். பெருமழைக்கு முதல் நாள் குளோரினைச் சற்று உயர்த்தி வைத்து, மழை ஓய்ந்ததும் நான்கு அளவுகளையும் மீண்டும் பாருங்கள்.

இவ்வளவுக்குப் பின்னும் நீர் பச்சையாகிவிட்டால், முதலில் அது பாசிதானா என்பதைத் தீர்மானியுங்கள். பாசி நீரைக் கலங்கச் செய்யும். அடித்தளம் தெளிவாகத் தெரிய, நீர் மட்டும் பச்சையாகவோ தேநீர் நிறமாகவோ இருந்தால் அது செம்பு அல்லது இரும்பின் வேலை. குழாய்க்கிணற்று நீர் இறைக்கும்போது பளிங்காக இருந்து, குளோரின் பட்டதும் பழுப்பது அதிலுள்ள இரும்பினாலேயே. ஐயமிருந்தால் ஒரு வெள்ளை வாளியில் தடாக நீரை எடுத்துச் சிறிது குளோரின் கலந்து மறுநாள்வரை வையுங்கள். பச்சை வெளுத்தால் பாசி, நிறம் தெளிவாக நின்றால் உலோகம். உலோகத்துக்கு மேலும் மேலும் குளோரின் இடுவது சுவரில் கறையையே விடும்.

பாசிதான் என்று தெரிந்ததும், நீரைக் கணக்கிடுங்கள். நீளம், அகலம், சராசரி ஆழம் ஆகியவற்றை மீற்றரில் பெருக்கி ஆயிரத்தால் பெருக்கினால் லீற்றர் வரும். 8 மீற்றர் நீளமும் 4 மீற்றர் அகலமும் சராசரி 1.25 மீற்றர் ஆழமும் உள்ள தடாகத்தில் 40,000 லீற்றர் நிற்கும். அதில் குளோரினை லீற்றருக்கு 10 மில்லிகிராம் உயர்த்த 400 கிராம் தூய குளோரின் வேண்டும். அதாவது நூற்றுக்கு 10 வலுவுள்ள திரவத்தில் 4 லீற்றர், 65 வலுவுள்ள கல்சியம் ஐப்போகுளோரைற்றில் ஏறக்குறைய 615 கிராம், 30 வலுவுள்ள வெளிற்றும் தூளில் ஏறக்குறைய 1.3 கிலோகிராம். கிணற்றுக்கு இடும் அதே வெளிற்றும் தூள்தான் இது. மலிவானது என்றாலும், எமது ஈரக் காற்றில் திறந்து கிடந்தால் வலுவிழந்துவிடும். அத்தோடு சுண்ணாம்பு வண்டலையும் விடும். வாளி நீரில் கரைத்து அடையவிட்டு, மேலே தெளிந்ததை மட்டும் ஊற்ற வேண்டும்.

ஓலை, சருகு யாவற்றையும் வலையால் அள்ளிய பின், பீஎச் அளவை 7.2 அளவுக்குக் கொண்டுவாருங்கள். குளோரின் உச்சத்தில் இருக்கும்போது பீஎச் சோதனை பிழையாகக் காட்டும் என்பதால் இதை முன்கூட்டியே செய்துவிட வேண்டும். பின்னர் குளோரினைச் சயனூரிக் அமிலத்தின் நூற்றுக்கு 40 பங்கு அளவுக்கு உயர்த்துங்கள்: அமிலம் 30 எனில் குளோரின் 12, அமிலம் 50 எனில் 20. முழுச் சுவரையும் தளத்தையும் அழுத்தித் தேயுங்கள். பாசி தன்மேல் பூசிக்கொள்ளும் வழுவழுப்பு உடைந்தால்தான் மருந்து உள்ளே செல்லும். பம்பியை இரவும் பகலும் ஓடவிடுங்கள்.

பலர் கைவிடுவது இதற்கு அடுத்த கட்டத்திலேயே. ஒரு முறை பெருமளவு மருந்து இட்டுவிட்டு மூன்று நாள் காத்திருந்தால், சில மணித்தியாலங்களிலேயே பாசி அந்தக் குளோரினைத் தின்று முடித்து, எஞ்சியது மீண்டும் பெருகும். அளவு குறையக் குறைய மீண்டும் அதே உச்சத்துக்கு நிரப்பிக்கொண்டே இருப்பதுதான் வெற்றி தரும் முறை. முதல் நாளில் இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு முறையும், அடுத்த நாட்களில் காலை மாலையும் அளந்து இட வேண்டும். பச்சை நீர் சாம்பல் வெள்ளையாக மாறுவது இறந்த பாசியைக் காட்டும் நல்ல அறிகுறி. அது வடிகட்டியில் சேர்ந்து அழுத்தத்தை உயர்த்தும் என்பதால் நாளுக்குப் பல தடவை பேக்வாஷ் தேவைப்படலாம். அடியில் படிந்ததை உறிஞ்சும்போது, இயன்றால் வடிகட்டிக்குள் விடாமல் நேரே வெளியேற்றுங்கள். அந்த நீரைக் கிணற்றருகிலோ வாவிக்குச் செல்லும் வாய்க்காலிலோ விடக் கூடாது.

நீர் தெளிந்தவுடன் நிறுத்திவிடவும் கூடாது. சூரியன் மறைந்த பின் குளோரினை அளந்து, விடியுமுன் மீண்டும் அளந்து பாருங்கள். இடையில் லீற்றருக்கு ஒரு மில்லிகிராமுக்கு மேல் குறையாமலும், வலுவிழந்த குளோரின் 0.5 ஐத் தாண்டாமலும், நீர் பளிங்காகவும் இருந்தால் மட்டுமே வேலை முடிந்தது. குளோரின் வழமை அளவுக்கு இறங்கி, ஆழமான பகுதியின் அடித்தளம் தெளிவாகத் தெரியும்வரை எவரையும், குறிப்பாகப் பிள்ளைகளை, இறங்க விடாதீர்கள். கலங்கிய நீரில் மூழ்குபவரை மேலிருந்து காண முடியாது.

நிழற்சுவரில் மஞ்சள் தூள்போல் படிந்து, தேய்த்தால் கலைந்து, மறுநாள் அதே இடத்தில் படியும் வகை குளோரினைக் கூடுதலாகத் தாங்கும். விளக்கின் உறை, ஏணி, தூரிகை, நீச்சலுடை யாவற்றையும் சேர்த்தே சுத்திகரிக்க வேண்டும். சீமெந்துப் பூச்சில் கரும்புள்ளிகளாகப் பிடிக்கும் வகை மிகப் பிடிவாதமானது. பூச்சின் துளைக்குள் இறங்கிப் பற்றியிருப்பதால், எஃகுத் தூரிகையால் அதன் தலையைச் சுரண்டிய பின்பே குளோரின் பயனளிக்கும். பைபர் அல்லது பிளாத்திக்கு விரித்த தடாகங்களில் எஃகுத் தூரிகை ஆகாது.

மயில்துத்தம் இட்டால் பாசி போகும் என்பது உண்மையே; ஆனால் அதன் செம்பு நீரில் தங்கி, சுவரில் கறையையும் வெளிர்முடியில் பச்சையையும் ஏற்றும். அதை நான் பரிந்துரைப்பதில்லை. பீஎச் குறைக்க இடும் அமிலத்தையும் குளோரின் மருந்தையும் ஒருபோதும் ஒன்றாகச் சேர்க்காதீர்கள், நச்சு வாயு எழும். டிரைகுளோர் மாத்திரையையும் கல்சியம் ஐப்போகுளோரைற்றையும் ஒரே பாத்திரத்திலோ ஒரே அகப்பையிலோ கலந்தால் தீயும் வெடிப்பும் நேரும். எதைக் கரைப்பதானாலும் நீரில் மருந்தை இட வேண்டுமேயன்றி, மருந்தின்மேல் நீரை ஊற்றக் கூடாது.

நீர் முழுவதையும் இறைத்துவிட்டுக் கழுவினால் என்ன என்று எண்ணுவோர் எமது மண்ணை நினைக்க வேண்டும். கரையோர மணலில் மாரி காலத்து நிலத்தடி நீர் ஒரு முழ ஆழத்துக்கே ஏறி நிற்பதுண்டு. அப்போது தடாகத்தை வெறுமையாக்கினால், கீழிருந்து தள்ளும் நீர் தளத்தை வெடிக்கச் செய்யலாம். பைபர் தடாகத்தை முழுதாகவே மேலே கிளப்பிவிடலாம். சயனூரிக் அமிலம் மிகுந்து நீரை மாற்றியே ஆக வேண்டுமெனில், கிணற்று நீர் இறங்கிய கோடையில், ஒரு தடவைக்கு மூன்றிலொரு பங்குக்கு மேற்படாமல் இறக்கி நிரப்புங்கள்.

உரிமையாளர்கள் வெளிநாட்டிலிருந்து ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கோ பாடசாலை விடுமுறைக்கோ மட்டும் வந்து தங்கும் வீடுகளில், தடாகம் மாதக்கணக்கில் கவனிப்பாரற்றுக் கிடக்கிறது. பச்சையாகித் தேங்கிய நீரில் நுளம்பு பெருகும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வரும்போது பதில் சொல்ல வேண்டியவர் காவலாளர் அல்லர், வீட்டுக்காரரே. பம்பியை நாள்தோறும் ஓட்டவும், வாரத்துக்கு இரு முறை குளோரின் அளந்து இடவும், அளவுகளை ஒரு கொப்பியில் எழுதி அதன் படத்தைத் தொலைபேசியில் அனுப்பவும் பொறுப்பாளர் ஒருவரைப் பழக்கி, அதற்குரிய கூலியையும் கொடுத்து வையுங்கள். அதற்கு வழியில்லாத வீட்டில், மழைநீர் மேலே தேங்காதவாறு இழுத்துக் கட்டிய, ஒளி புகாத மூடி ஒன்றையாவது இட்டுச் செல்ல வேண்டும்.