பாவமன்னிப்பு: நாம் அடிக்கடி தவறுகிற இடங்கள்

உயிர்த்த ஞாயிறுக்கு முந்தின தவக்காலமாகிய லெந்து நாட்கள் வந்துவிட்டால் பாளையங்கோட்டை முதல் நாசரேத், மெஞ்ஞானபுரம் வரை கோயில்கள் நிறைந்துவிடும். உவரி, மணப்பாடு பக்கம் பாவசங்கீர்த்தனத்துக்கு, அதாவது குருவானவரிடம் பாவங்களை அறிக்கையிட, வரிசை நிற்கும். ஆனால் கடவுளின் மன்னிப்பைப் பற்றிய சில பிழையான எண்ணங்கள் நம்மிடம் ஊறிக் கிடக்கின்றன. அவற்றால் சிலர் வீணாக வதைபடுகிறார்கள், சிலர் செய்ய வேண்டியதைச் செய்யாமலே நழுவிவிடுகிறார்கள்.

மன்னிப்பை விலை கொடுத்து வாங்கப் பார்ப்பது முதல் தவறு. அசனத்துக்கு (கோயில் விருந்துக்கு) அரிசி மூட்டை, கோபுர வேலைக்குக் காணிக்கை, முடியிறக்கும் நேர்ச்சை எல்லாம் நன்றியாகச் செய்தால் நல்லவைதான். செய்த பாவத்துக்கு ஈடாகச் செய்தால், சிலுவைப் பலி போதாது என்று சொன்னதாகிவிடும். 1 யோவான் 1:9 கேட்பது அறிக்கையை மட்டுமே. கத்தோலிக்கத் திருச்சபையில் குருவானவர் கொடுக்கும் பரிகாரமும் விலை அல்ல. அவர் பாவமன்னிப்பு வழங்கும்போதே மன்னிப்பு கிடைத்துவிடுகிறது. பாவம் விட்டுப்போன புண்ணை ஆற்றவே பரிகாரம். அதற்காக அதைச் செய்யாமல் விட்டுவிடவும் கூடாது.

இதற்கு எதிர்ப்பக்கத் தவறுதான் நம் ஊரில் அதிகம். பொழியை (எல்லை வரப்பை) ஒரு முழம் தள்ளிப் போட்டுத் தம்பி விளையில் (தோட்டத்தில்) நாலு பனையைச் சேர்த்துக்கொண்டவர், அந்தப் பனையில் பதநீர் இறக்கிக்கொண்டே "ஆண்டவர் மன்னிச்சிட்டாரு" என்பது. லேவியராகமம் 6:5-இன் கணக்கு தெளிவானது: முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டி உரியவன் கையில் கொடுக்க வேண்டும். 10,000 ரூபாய் எடுத்திருந்தால் 12,000. அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் தருகிறேன் என்றான் வரி வசூலிப்பவனாகிய சகேயு. ஆனால் இயேசு அவன் வீட்டுக்கு வந்தது முதலில், அவன் அப்படிச் சொன்னது பிறகு. இந்த வரிசையை மாற்றிவிடாதீர்கள். திருப்பிக் கொடுப்பது மனந்திரும்புதலின் கனி.

பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் தம்பி ஒரே ஆராதனையில் திருவிருந்து வாங்குவதும் நடக்கிறது. சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) திருவிருந்து முறைமையில் சமாதானம் சொல்லும்போது வலது உள்ளங்கையோடு வலது உள்ளங்கை சேர்த்து, இடது கையால் மற்றவர் கையை மூடுகிறோம். அந்தக் கை பெஞ்சு பெஞ்சாகக் கடந்து வரும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டால், சற்றுமுன் வாசித்த பாவ அறிக்கைக்கு என்ன பொருள்? மத்தேயு 5:23-24 சொல்கிறபடி காணிக்கையை வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாக வேண்டும். சனிக்கிழமைக்குள் நேரில் போங்கள். ஆள் திரட்டிக்கொண்டு போகாதீர்கள். நீங்கள் செய்ததை மட்டும் பெயர் சொல்லிச் சொல்லுங்கள். "நீயும்தானே..." என்று தொடங்கினால் சண்டை மறுபடி மூளும். அவர் கதவை அடைத்துவிட்டால்? "கூடுமானால் உங்களாலானமட்டும் எல்லா மனுஷரோடும் சமாதானமாயிருங்கள்" என்கிறது ரோமர் 12:18. உங்கள் பங்கு முடிந்தது.

மன்னிப்பது என்றால் பட்ட காயம் சின்னது என்று ஒத்துக்கொள்வது அல்ல. மத்தேயு 18-இல் இயேசு சொன்ன உவமையில், ராஜா கடனைத் தள்ளுபடி செய்த ஊழியக்காரனிடம் உடன் ஊழியக்காரன் பட்ட கடன் நூறு வெள்ளிப்பணம், அதாவது நூறு நாள் கூலி. சில்லறைக் காசல்ல. ராஜா தள்ளுபடி செய்த பதினாயிரம் தாலந்தோ, தாலந்துக்கு ஏறத்தாழ 6,000 வெள்ளிப்பணம் என்று பார்த்தால், ஆறு கோடி நாள் கூலி.

அடி வாங்கி வந்து நிற்கும் பெண்ணிடம் "ஏழெழுபதுதரம் மன்னிக்கணும்" என்று சொல்லி அதே வீட்டுக்கு அனுப்புவது பெரும் பாவம். மன்னிப்பு அவள் உள்ளத்தில் நடப்பது. பாதுகாப்பு உடனே தேவை. போலீசில் புகார் கொடுப்பது மன்னிக்காததற்கு அடையாளம் அல்ல. தாவீது ராஜா மன்னிக்கப்பட்டான், ஆனாலும் செய்ததன் விளைவு அவன் வீட்டைத் தொடர்ந்தது.

நோய் வந்த வீட்டில் "என்ன பாவம் செஞ்சாங்களோ" என்று பேசுகிறவர்கள், பிறவிக் குருடனின் நிலை அவன் பாவத்தாலும் அல்ல, பெற்றோர் பாவத்தாலும் அல்ல என்று இயேசு சொல்லும் யோவான் 9:3-ஐ ஒருமுறை வாசிக்கட்டும்.

கடைசியாக, அறிக்கையிட்ட பாவத்தையே வாராவாரம் தோண்டி எடுப்பவர்கள், மன்னிக்கப்படாத பாவம் செய்துவிட்டோமோ என்று நடுங்குபவர்கள். மத்தேயு 12-இல் மன்னிக்கப்படாத பாவத்தைப் பற்றிய எச்சரிப்பு, பிசாசு பிடித்தவன் குணமானதைக் கண்ணால் கண்டும் அதைப் பிசாசின் வேலை என்றவர்களை நோக்கி வந்தது. மன்னிப்புக்காக ஏங்குகிறவர் அந்த இடத்தில் நிற்கவில்லை. சேகரத்து ஐயரிடமோ (சபைப் போதகரிடமோ) பங்குத்தந்தையிடமோ ஒருமுறை முழுதாகச் சொல்லுங்கள். அதன் பிறகும் அந்தப் பயம் தூங்கவிடாமல் வாட்டினால் மனநல மருத்துவரைப் பாருங்கள். அது விசுவாசக் குறைவு அல்ல.