கேமராவுக்குள் ஈரமா? கெடுப்பது ஈரம் மட்டுமல்ல

ஏசி அறையில் இரவு முழுக்கக் கிடந்த கேமராவைக் காலையில் அப்படியே வெளியே எடுத்தால் லென்ஸ் வேர்த்துவிடும். அது பழுது இல்லை, விட்டுவிட்டால் தானே போய்விடும். பழுது வருவது பெரும்பாலும் அடுத்த அரை மணி நேரத்தில் பதறிப்போய் செய்கிற காரியங்களால்தான்.

வெயிலிலிருந்து ஏசிக்குள் போகும்போது கேமராவைப் பொத்திப் பொத்தி எடுத்துப் போகிறவர்கள், ஏசியிலிருந்து வெளியே வரும்போதுதான் கோட்டை விடுகிறார்கள். காற்றிலுள்ள நீராவி குளிர்ந்த பொருளின் மேல்தான் படியும். சென்னையில் 32 டிகிரி வெப்பமும் 75 சதவீத ஈரப்பதமும் உள்ள மாலையில், சுமார் 27 டிகிரிக்குக் கீழே இருக்கும் எதன் மேலும் நீர் பூக்கும். 24 டிகிரி ஏசியில் இருந்த கேமரா தப்பாது. அதே கேமராவை மதுரையில் 38 டிகிரி வெயிலில், ஈரப்பதம் 30 சதவீதமாக இருக்கும் மதியத்தில் எடுத்தால் ஒன்றும் ஆகாது. அந்தக் காற்று நீரை விடுவதற்கு 17 டிகிரி வரை குளிர வேண்டும். ஆக, பார்க்க வேண்டியது வெயிலை அல்ல, புழுக்கத்தை.

பூத்ததும் பலர் செய்வது லென்ஸைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்ப்பது. இதைவிட மோசமான வேலை வேறில்லை. அந்த நேரத்தில் படத்தைப் பதிவு செய்யும் சென்சாரும் குளிர்ந்துதான் இருக்கிறது. வாயைத் திறந்துவிட்டால் புழுக்கக் காற்று நேரே அதன் மேல் போய்ப் படியும். ஜூமை முன்னும் பின்னும் திருகுவதும் அதே கதைதான். நீளும் லென்ஸ் ஒவ்வொரு முறையும் வெளிக்காற்றை உள்ளே இழுக்கிறது. துணியால் துடைத்துக்கொண்டே இருப்பதிலும் பயனில்லை, கண்ணாடி சூடாகும்வரை மறுபடி மறுபடி பூக்கும். இடையில் தூசி சிக்கினால் கீறல்தான் மிச்சம்.

“வேலை செய்கிறதா பார்ப்போம்” என்று ஆன் செய்வது அடுத்த தவறு. சர்க்யூட் போர்டில் ஈரம் இருக்கும்போது மின்சாரம் பாய்ந்தால் செம்புத் தடங்கள் அரிக்கத் தொடங்கும், ஷார்ட்டும் ஆகலாம். உள்ளே ஈரம் என்ற சந்தேகம் வந்தாலே பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். டிஎஸ்எல்ஆர் கேமராவில் கண் வைத்துப் பார்க்கும் வ்யூஃபைண்டர் மட்டும் மங்கியிருந்தால் படத்துக்குப் பாதிப்பில்லை. முன்கண்ணாடியின் வெளிப்புறம் மட்டும் பூத்திருந்தாலும் கவலை வேண்டாம். கண்ணாடிக்குப் பின்னால், விரல் எட்டாத இடத்தில் மங்கல் தெரிந்தால்தான் உள்ளே ஈரம் என்று அர்த்தம்.

இதையெல்லாம் தவிர்க்க ஒரு ஜிப் லாக் கவர் போதும். மெமரி கார்டையும் பேட்டரியையும் முன்பே எடுத்துக்கொண்டு, ஏசி அறைக்குள்ளேயே கேமராவைக் கவரில் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி மூட வேண்டும். வெளியே வந்து மூடினால், புழுக்கக் காற்றையும் சேர்த்துப் பொட்டலம் கட்டியதாகிவிடும். இப்போது நீர் கவரின் மேல்தான் பூக்கும், கேமரா தப்பும். அந்த வேர்வை தானாகக் காய்ந்த பிறகும் பத்து நிமிடம் விட்டுத் திறக்கலாம். சிறிய கேமராவுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். தூரத்தில் இருப்பதை எடுக்கும் பெரிய டெலி லென்ஸ் என்றால் இரண்டு மணி நேரம்கூட ஆகலாம். கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளை அழைப்புக்காக உள்ளேயும் வெளியேயும் ஓடுகிறவர்களுக்கு இந்தப் பொறுமை கட்டாது. அவர்கள் இரண்டாவது கேமராவை ஏசி இல்லாத பக்கமே வைத்துக்கொள்வதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும். ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும்போதும் பையைத் திறக்காமல் வந்தால் வழியிலேயே கேமரா சமநிலைக்கு வந்துவிடும், கார் ஏசியை அதன் மேல் நேராகத் திருப்பாதவரை.

மழையில் நனைந்துவிட்டால் அரிசி மூட்டையை நாட வேண்டாம். அரிசி ஈரத்தை உறிஞ்சும் வேகம் மிகக் குறைவு. தவிட்டுப் பொடி உள்ளே போவது மட்டும் நிச்சயம். ஹேர் டிரையர் நீரை ஆவியாக்கி இன்னும் உள்ளே தள்ளும், பசையும் கிரீஸும் இளகும். மொட்டை மாடி வெயிலும் வேண்டாம். வெளிப்புறத்தை உலர்ந்த துணியால் ஒற்றியெடுத்து, காய்ந்த ஏசி அறையில் லென்ஸைக் கழற்றுங்கள். லென்ஸ் கழற்றிய கேமராவின் வாய் கீழ்நோக்கி இருக்கும்படி, 10 லிட்டர் காற்றுப்புகாத டப்பாவில் ஈரத்தை உறிஞ்சும் சிலிகா ஜெல் மணிகள் 200 கிராமோடு ஒரு நாளிலிருந்து இரண்டு நாள் விடுங்கள். தண்ணீர் புகாமல் ரப்பரால் ‘வெதர் சீல்’ செய்த கேமராக்கள் இதற்கு அதிக நேரம் எடுக்கும். தண்ணீரை உள்ளே விடாத அதே ரப்பர், உள்ளே போனதை வெளியேயும் விடாது. காய்ந்தபின் வெள்ளைச் சுவரை, லென்ஸின் துவாரத்தைச் சுருக்கும் எஃப்/16 அளவில் வைத்து எடுத்துப் பாருங்கள். வட்டத் திட்டுகள் தெரிந்தால் சென்சாரைச் சுத்தம் செய்யக் கொடுக்க வேண்டும்.

கடல்நீர் உள்ளே போனால் மேலே சொன்னது எதுவும் பொருந்தாது. பேட்டரியைக் கழற்றி அன்றைக்கே சர்வீஸ் சென்டருக்குக் கொண்டு போங்கள். உப்பு காய்ந்தாலும் அங்கேயே இருக்கும், அடுத்த புழுக்கத்தில் ஈரத்தை இழுத்து மறுபடி அரிக்கும். அலைச்சாரல் மேலே பட்டது மட்டும்தான் என்றால், நல்ல தண்ணீரில் நனைத்து இறுக்கிப் பிழிந்த துணியால் துடைத்தாலே போதும்.

வீட்டில் கேமராவைத் தோல் உறையோடு பீரோவில் பூட்டி வைப்பது ஃபங்கஸுக்கு விருந்து வைப்பதற்குச் சமம். கூடவே பாச்சை உருண்டையோ கற்பூரமோ போடுவது இன்னொரு தவறு. கேமரா கையேடுகளே கூடாது என்று சொல்கின்றன. சிலிகா ஜெல் போட்ட காற்றுப்புகாத டப்பாவில் வையுங்கள், உள்ளே ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருக்கட்டும். ஜெல்லை அள்ளிப் போட்டு 30-க்குக் கீழே இறக்கினால் ரப்பரும் மசகும் காயத் தொடங்கும், அதனால் டப்பாவுக்குள் ஈரப்பதத்தைக் காட்டும் ஒரு சிறிய ஹைக்ரோமீட்டர் அவசியம். ஜெல்லின் ஆரஞ்சு மணிகள் ஈரம் குடித்துப் பச்சையானால் 110 முதல் 120 டிகிரி ஓவனில் இரண்டு மணி நேரம் வைத்து எடுக்கலாம். ஓவன் இல்லையென்றால் வாணலியில் சிறு தீயில் வறுக்கலாம், ஆனால் அந்த வாணலியைச் சமையலுக்குத் திரும்ப எடுக்கக் கூடாது. தீ கூடினால் மணிகள் பழுப்பாகும், அதற்குப் பிறகு நிறம் மாறிக் காட்டாது.